வீட்டில் ஒருத்தருக்கு வாந்திபேதி வந்தால் எல்லோருக்கும் வந்தே தீருமா?

7 ஜனவரி 2026, மாலை 6.10 (வாசகர் ஒருவரின் கேள்வி)

எங்கள் தெருவில் நாலு வீட்டில் வயிற்று வைரஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் கருத்து இதுதான்: ஒருத்தருக்கு வந்தால் வீடு முழுக்க வந்தே தீரும், தடுக்க நினைப்பது வீண்வேலை. கொரோனா காலத்து சானிடைசர் மிச்சமிருந்தால் கையில் தடவிக்கொண்டு, நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தப்பித்தவர் யாராவது உண்டா?

7 ஜனவரி, இரவு 11.50

தப்பித்த கதை என்னிடம் இல்லை. மாட்டிக்கொண்ட கதை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நீங்கள் கேள்வி போட்ட அதே நேரத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு, எங்கள் சின்னவன் (நாலு வயது) சோபாவில் முதல் வாந்தி எடுத்தான். இதுவரை ஐந்து தடவை. ஸ்கூலில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் கொடுத்தார்களாம். எனக்குக் கேக் மேல்தான் சந்தேகம்.

மதுரையில் வாடகை வீடு. நான், மனைவி, பத்து வயது மகள், சின்னவன், என் அம்மா. சானிடைசர் எங்களிடமும் அரை லிட்டர் இருக்கிறது. எல்லோரும் தடவிக்கொண்டோம்.

8 ஜனவரி, அதிகாலை 3.20

தூங்கவில்லை. இதை எழுதி வைத்தால் யாருக்காவது ஆகும்.

பிள்ளை வாந்தி எடுத்துவிட்டுத் தண்ணீர் தண்ணீர் என்று அழுகிறான். பாவம் என்று ஒரு டம்ளர் கொடுத்தோம். மடமடவென்று குடித்தான், நாலே நிமிடத்தில் குடித்தது அத்தனையும் என் லுங்கி மேல். இதே தப்பை மூன்று முறை செய்தோம். அப்புறம் மனைவி அவளுடைய அக்காவுக்கு போன் போட்டாள். அந்த அம்மாள் நர்ஸ். அவர் சொன்னது: வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் எதுவும் கொடுக்காதே. அப்புறம் டீஸ்பூனில் ஒரு ஸ்பூன். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். அவன் அழுதாலும் டம்ளரைக் கண்ணில் காட்டாதே.

ஒரு ஸ்பூன் என்பது ஐந்து மில்லி. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் நூறு மில்லி. கணக்குப் பார்த்தால்தான் தெரிகிறது, அது ஒன்றும் குறைச்சலில்லை. ஒரு மணியிலிருந்து இப்படியே போகிறது, வாந்தி இல்லை. ஆனால் வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது.

மெடிக்கல் ஷாப் மூடியிருந்ததால் வீட்டிலேயே உப்பும் சர்க்கரையும் கரைத்தோம். ஒரு லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.

8 ஜனவரி, மதியம் 2.15

காலையில் டாக்டரிடம் காட்டினோம். வைரஸ் என்றார். ஆண்டிபயாட்டிக் வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "வைரஸுக்கு அது எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். வாந்திக்கு ஒரு சிரப், ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பாக்கெட், துத்தநாக மாத்திரை. அதுதான் ஜிங்க், தினம் 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் நிறுத்தாமல் 14 நாள் கொடுக்க வேண்டுமாம். பேதியை நிறுத்தும் மாத்திரை, நாம் பஸ் பயணத்துக்கு முன்னால் போட்டுக்கொள்வோமே அது, சின்னப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது என்று தானாகவே எச்சரித்தார்.

எப்போது மறுபடி ஓடி வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார். ஆறேழு மணி நேரம் ஒன்றுக்கே போகாமல் இருந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், கண் உள்வாங்கினால், கூப்பிட்டால் எழும்பாமல் துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், வாந்தி பச்சையாக வந்தால். மனைவி இதை பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டாள்.

ராத்திரி எழுதியதில் ஒரு திருத்தம். "ஸ்பூன்" என்று மொட்டையாக எழுதிவிட்டேன், எந்த ஸ்பூன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், சரியான கேள்வி. டீஸ்பூன்தான், அதுவும் தலைதட்டிய டீஸ்பூன். இன்னொரு விஷயம், எங்கள் வீட்டில் இருந்தது கல்லுப்பு. அரை ஸ்பூன் கல்லுப்பும் அரை ஸ்பூன் தூளுப்பும் எடையில் ஒன்றாகாது. தூளுப்புதான் கணக்கு. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கரைத்ததை நாம் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும், கண்ணீர் எவ்வளவு கரிக்குமோ அதற்கு மேல் கரிக்கக் கூடாது. பாக்கெட் கிடைத்தபின் வீட்டுக் கரைசலை நிறுத்திவிட்டோம்.

பாக்கெட்டிலும் கோட்டை விடலாம். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கிள்ளிப் போட்டு டம்ளரில் கரைக்கிற வேலை கூடவே கூடாது. முழுசாகக் கொட்டி, அளந்த ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கீழே ஊற்றிவிட வேண்டும்.

8 ஜனவரி, இரவு 9.40

மச்சினன் வந்திருந்தான். கையில் ஆப்பிள் சுவை, ஆரஞ்சு சுவை என்று அட்டைப்பெட்டி பானம் ஆறு. "ஓஆர்எஸ் தான் மாமா, பிள்ளை டேஸ்ட்டா குடிப்பான்." வாங்கித் திருப்பிப் பார்த்தேன், சர்க்கரை ஏகப்பட்டது. இந்த மாதிரிப் பானங்களை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடினார். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மச்சினன் அதைத் தானே குடித்துவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆரோக்கியமான ஆள்.

ஏன் சர்க்கரை கூடக் கூடாது, அப்புறம் ஏன் சர்க்கரையே போடுகிறோம் என்று ஒருவர் கேட்டார். எனக்குப் புரிந்த அளவில்: பேதியில் குடல் தண்ணீரை இழுத்துக்கொள்ள மறுக்கிறது. ஆனால் உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் அவற்றை உள்ளே விடும் ஒரு வாசல் மட்டும் அந்த நேரத்திலும் வேலை செய்கிறது. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். சர்க்கரை அளவுக்கு மீறினால் கதை தலைகீழ். குடலுக்குள்ளேயே தங்கி உடம்புத் தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி கூடும். சோடா, ஜூஸ் எல்லாம் இந்த வகை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. குடிக்கலாம், பாக்கெட்டுக்குப் பதிலாக ஆகாது.

9 ஜனவரி, அதிகாலை 4.30

மகள். நாலு மணிக்கு. பாத்ரூம் வரை போக நேரமில்லை, கட்டிலிலேயே.

9 ஜனவரி, காலை 11.00

முதல் நாள் எழுதியதில் இரண்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று, கேக். மகள் அந்தக் கேக்கைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அவள் வேறு பள்ளி. கேக் வெறுமனே கெட்டுப்போயிருந்தது என்றால் அதைச் சாப்பிட்ட பிள்ளைகளோடு முடிந்திருக்கும். சின்னவனின் முதல் வாந்திக்கும் இவளுடைய முதல் வாந்திக்கும் நடுவில் 34 மணி நேரம். இப்படி வீடு வீடாக வாந்திபேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் உள்ளே போய் வேலையைக் காட்ட 12 முதல் 48 மணி நேரம் ஆகும் என்று படித்தேன், பொருந்துகிறது. பரிசோதனை எதுவும் செய்யவில்லை, டாக்டரும் அவசியமில்லை என்றார். பக்கத்துக் கேரளத்தில் 2021இல் வயநாட்டுக் கால்நடைக் கல்லூரி மாணவர்களுக்கு வந்ததே, அதே நோரோ. சின்னப் பிள்ளைகளைப் படுத்தும் இன்னொன்று ரோட்டா. அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது, தமிழ்நாட்டில் 2017 முதல் அரசே கொடுக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம். சின்னவனின் அட்டையை எடுத்துப் பார்த்தேன், மூன்றும் போட்டாயிற்று. நோரோவுக்குத் தடுப்பூசி கிடையாது.

இரண்டு, சானிடைசர். கேள்வி போட்ட அன்பரே, இது உங்களுக்கும் சேர்த்து. கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். இந்த நோரோவுக்கு உறையே இல்லை. ஆல்கஹாலைப் பெரிதாக மதிப்பதில்லை. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் அலசினால்தான் கையை விட்டுப் போகிறது. சோப்பும் அதைக் கொல்வதில்லை, வழுக்கிக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். சில பத்து வைரஸ் துகள்கள் வாய்க்குள் போனாலே போதுமாம் நோய் வர. நாங்கள் இரண்டு நாளாக ஆல்கஹால் வாசத்தோடு அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

9 ஜனவரி, இரவு 8.20

துடைக்கிற வேலை பற்றி. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் பினாயில் வாசம் வந்தால் சுத்தம் என்று நம்பிக்கை. இரண்டு நாள் பினாயில்தான் ஊற்றினோம். இந்த வைரஸுக்கு அது நம்பத்தக்க மருந்தில்லை. குளோரின்தான் வேண்டும். தலைவர்கள் ஊருக்கு வரும்போது ரோட்டோரம் கோடு போடுவார்களே, அந்த பிளீச்சிங் பவுடர். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். லிட்டருக்கு 15 கிராம் கரைத்தால் வாந்தி பட்ட இடத்துக்கு ஆகும். கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச், குழாய் எல்லாம் துடைக்க 3 கிராம் போதும். ஸ்விட்ச்சை ஈரம் பிழிந்த துணியால் மட்டும், மெயினை அணைத்துவிட்டு. மெடிக்கல் ஷாப்பில் 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவமாகக் கிடைத்தால் இன்னும் சுலபம், லிட்டருக்கு 100 மில்லி அல்லது 20 மில்லி. அன்றன்றைக்குக் கரைத்தது அன்றோடு சரி. போன வருட மழைக்கு வாங்கி, மூட்டை பிரிந்து கிடக்கும் பவுடரில் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும்.

முறை: ஜன்னலைத் திற. கையுறை, மூக்கில் துணி. வாந்தியின் மேல் பழைய பேப்பரைப் போட்டு ஊற வை. ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுத்துப் பையில் கட்டு. அப்புறம் குளோரின் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் விடு. பிறகு நல்ல தண்ணீர். வாந்தி தெறிப்பது நம் கண்ணுக்குத் தெரிவதைவிட ரொம்ப தூரம், அதனால் சுற்றிலும் நிறைய தூரம் சேர்த்துத் துடைக்க வேண்டும். பெட்ஷீட்டை உதறவே கூடாது. என் மனைவி மாடியில் நின்று படபடவென்று உதறினாள், நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே சுருட்டி, உள்ள சூட்டிலேயே அதிகமான சூட்டில், தனியாகத் துவைக்க வேண்டும்.

கக்கூஸையும் ஆசிட் போட்டுக் கழுவிவிட்டு மேலே பிளீச்சிங் போடுங்கள்.

9 ஜனவரி, இரவு 8.45

மேலே கடைசி வரியை யாரும் செய்யாதீர்கள்! ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும். எழுதிவிட்டுப் பெருமையாக மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் கெமிஸ்ட்ரி டீச்சர். நல்லவேளை. வரியை அழிக்காமல் விடுகிறேன், என் லட்சணம் தெரியட்டும்.

10 ஜனவரி, மாலை 4.05

இப்போது நான். அப்புறம் எழுதுகிறேன்.

12 ஜனவரி, காலை 10.30

உயிரோடு இருக்கிறேன். 24 மணி நேரம் சரியான ஆட்டம், நேற்று இரவோடு நின்றது. முழங்கால் இப்போதும் ஆடுகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பெரியவர்களும் ஸ்பூனில்தான் குடிக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு ராத்திரி முழுக்க உபதேசம் செய்த நான், என் முறை வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். மகள் ஸ்பூனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மனைவிக்கு இன்று அதிகாலை ஒரு மணிக்கு ஆரம்பித்திருக்கிறது. 34 மணி, 36 மணி, 33 மணி. ரயில்வே டைம்டேபிள் மாதிரி. ஒவ்வொருத்தரும் முந்தினவரின் முதல் வாந்தியிலேயே பிடித்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது.

12 ஜனவரி, இரவு 10.00

அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. 68 வயது, பிரஷர் மாத்திரை போடுகிறவர். எங்களுக்கு முதல் பயமே அவர்தான். பிரஷர் மாத்திரைகளில் சிலது நீரைப் பிரிய வைப்பவை, பேதி நேரத்தில் அதை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

ஏன் வரவில்லை என்று படுத்தபடி யோசித்தேன். அம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் உள்ள பழைய கக்கூஸ்தான் பழக்கம், உள்ளே இருப்பது நாங்கள் நாலு பேர் மட்டும் போவது. இதில்தான் விஷயம் என்று நினைக்கிறேன். இடது கையால் கழுவுகிறோம். அதே கையால் குழாயைத் திருகுகிறோம், மக்கைப் பிடிக்கிறோம், தாழ்ப்பாளைத் திறக்கிறோம், வெளியே வந்து வாஷ்பேசின் குழாயைத் திறந்து சோப்புப் போடுகிறோம், அப்புறம் சுத்தமான கையால் அதே குழாயை மூடுகிறோம். எங்கள் பாத்ரூமுக்குள் சோப்பே கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் இப்போதுதான் அதைக் கவனிக்கிறேன். இன்று உள்ளே சோப்பு வைத்தேன், ஒரு வாளியில் தண்ணீர் எப்போதும் பிடித்து வைத்தேன், தாழ்ப்பாளையும் மக்கின் காதையும் குளோரின் தண்ணீரால் துடைத்தேன்.

இரண்டாவது, குடிதண்ணீர்க் குடம். மூடி மேல் ஒரு டம்ளர், யார் வேண்டுமானாலும் உள்ளே விட்டு மொள்வார்கள், விரலும் சேர்ந்து முங்கும். அம்மா அதைத் தொட மாட்டார். அவருக்குத் தனிச் செம்பு, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பார். யார் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட மாட்டார்.

13 ஜனவரி, காலை 7.50

நேற்று எழுதியதற்கு, "பார்த்தீர்களா, எச்சில் பார்ப்பது எல்லாம் அந்தக் காலத்து விஞ்ஞானம்" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். இதே ஊர்ப்பக்கம் டீக்கடைகளில் ஆள் பார்த்து வேறு குவளை வைத்ததும் "சுத்தம்" என்ற பெயரில்தான். என் அம்மா தனிச் செம்பு வைத்திருப்பது அவருடைய மாமியார் பழக்கியது, வைரஸுக்காக இல்லை. பலன் கிடைத்தது, சரி. அதற்காக முழுக் கட்டையும் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே குடல் சுவரில் நோரோவின் பல வகைகள் பற்றிக்கொள்ள வேண்டிய சர்க்கரைப் பிடிமானம் இருக்காது. ஐரோப்பியரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் அப்படியாம். அம்மா அந்த ரகமாகவே இருக்கலாம். செம்புக்கும் சம்பந்தமில்லை, மாமியாருக்கும் சம்பந்தமில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். "எங்க வம்சத்துக்கே வயிறு கல்லு மாதிரி" என்றார். அதே வம்சத்தில் வந்த நான் கட்டிலில் கிடந்தேன்.

13 ஜனவரி, மாலை 5.30

இடையில் ஒரு வேடிக்கை. காலையில் பால்காரர் தாமதமாக வந்தார். அம்மா வழக்கம்போல, "பேதில போறவன், எத்தனை மணிக்கு வர்றான் பாரு" என்றார். சொல்லிவிட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். சோபாவில் ஒருத்தர், கட்டிலில் ஒருத்தர், பாத்ரூமில் ஒருத்தர். அப்புறம் பேசவே இல்லை.

இந்த வசவு எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாள். அம்மா சொன்ன கதை: மேலூர்ப் பக்கம் அவர் சிறுமியாக இருந்தபோது காலரா. தெருமுனையில் வேப்பிலைத் தோரணம். ஊசி போட ஜீப்பில் ஆள் வந்தால் பிள்ளைகள் எல்லாம் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொள்வார்களாம். காலையில் களைக்குப் போன பெண் சாயங்காலம் இல்லை. அப்படிப்பட்ட சாவு என்பதால்தான் அது சாபச் சொல்லாயிற்று.

அந்தச் சாவை நிறுத்தியது பெரிய ஆஸ்பத்திரி இல்லை என்று மகளிடம் சொன்னேன். 1971 வங்கதேசப் போரில் அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்குள் வந்தபோது பங்காவ் முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்து டிரம்மில் கரைத்து, சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. 2022இல் இறந்தார், மறுவருடம் பத்மவிபூஷண். மகளுக்கு டிரம் பிடித்துவிட்டது. ஓஆர்எஸ் வைத்திருக்கும் ஜக்கின் பெயர் இப்போது டிரம்.

13 ஜனவரி, இரவு 11.15

கேள்விகளுக்குச் சுருக்கமாக.

தொக்கம் (வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) எடுக்கலாமா? அம்மாவும் முதல் நாளே கேட்டார், குடலேற்றம் தட்டவும் ஒரு பாட்டி பெயர் சொன்னார். நான் அழைத்துப் போகவில்லை. இரண்டு நாளில் தானாக நிற்கிற நோய் இது, மூன்றாம் நாள் எதைச் செய்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும்.

என்ன சாப்பாடு? வாந்தி நின்று பசி வந்ததும் இட்லி, ரசம் சாதம், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர். பட்டினி போடக் கூடாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பால் நிறுத்தவே கூடாது.

ஓம வாட்டர்? குடித்தேன். வாசம் நன்றாக இருந்தது.

14 ஜனவரி, மாலை 6.00

நாளைக்குப் பொங்கல். மனைவிக்குக் கடைசி வாந்தி நேற்று இரவு. எல்லாம் நின்று குறைந்தது 48 மணி நேரம் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்பது விதி. உடம்பு தேறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் வைரஸ் நிறைய வெளியே போய்க்கொண்டிருக்கும். இரண்டு வாரம்கூட மலத்தில் போகலாம். பொங்கல் கொதிக்கிற பண்டம், பரவாயில்லை. ஆனால் வடை மாவைக் கையால் தட்ட வேண்டும், கரும்பை உடைக்க வேண்டும், இலையில் பரிமாற வேண்டும்.

ஆக, கணக்குப்படி சமைக்கத் தகுதியுள்ளவர்கள் இரண்டு பேர்: முழங்கால் வலியுள்ள அம்மா, சமைக்கவே தெரியாத நான்.

15 ஜனவரி, இரவு 9.00

பொங்கியது. கிழக்குப் பக்கம்தான் பொங்கியது, அம்மாவுக்கு நிம்மதி. மனைவி மூன்றடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கிண்டுங்க, இப்ப கிண்டுங்க, அடுப்பைக் குறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படியும் அடிப்பிடித்தது. சின்னவன் தீய்ந்த பாகத்தை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

18 ஜனவரி, இரவு 10.40

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஒரு வாசகி நறுக்கென்று கேட்டிருந்தார்: "34 மணி, 36 மணி என்று டைம்டேபிள் போட்டீர்களே, அந்த நேரமெல்லாம் துடைத்தது யார்?"

சின்னவனுக்குத் துடைத்தது மனைவி. மகளுக்குத் துடைத்தது மனைவி, நான் விளக்கைப் பிடித்தேன், அப்போது வாளியில் தெறித்தது என் கையில்பட்டது. எனக்குத் துடைத்ததும் மனைவி. 10ஆம் தேதி நான் அடுப்படியை ஒட்டி உள்ள வாஷ்பேசினில் எடுத்தேன். அவள் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு ஓடி வந்து, கிடைத்த துணியால் துடைத்துவிட்டு, மறுபடி ரசத்துக்குப் போனாள். கையுறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தெம்பு இருந்தது. சொல்லவில்லை. முறை பற்றி முந்தின ராத்திரிதான் இங்கே பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

துடைக்கிறவரும் சமைக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் வீட்டில் இது சுற்றத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அந்த ஒரே ஆள் யார் என்று 7ஆம் தேதி ராத்திரி யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பேசாமலேயே முடிவாகியிருந்தது. அம்மா சமையலை எடுத்துக்கொள்வதாக மறுநாளே சொன்னார். "முழங்காலோடு ஏன் கஷ்டப்படுறீங்க" என்று நான்தான் தடுத்தேன். பெருந்தன்மை.

கேள்வி போட்டவருக்கு என் பதில் இப்போது இது. வந்தே தீரும் என்று இல்லை, ஐந்தில் ஒருத்தர் தப்பித்திருக்கிறார். முதல் ராத்திரியே வேலையைப் பிரித்திருந்தால் இன்னும் ஒருத்தராவது தப்பித்திருப்பார், அது என் மனைவியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மனைவியிடம் இதைக் காட்டினேன். "மெத்தை பத்தி எழுதலையே" என்றாள்.

19 ஜனவரி, காலை 8.10

மெத்தை. இலவம்பஞ்சு மெத்தைக்கு பிளீச்சிங் ஊற்ற முடியாது, துணி வெளுத்துப் போகும், பஞ்சும் காயாது. மேலே பட்டதை வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் ஒற்றி எடுத்து, இஸ்திரிப் பெட்டியின் ஆவியை அழுத்திக் காட்டி, மூன்று நாள் மொட்டை மாடி வெயில். சோபாவுக்கும் அதே. வெயிலை மட்டும் நம்பாதீர்கள், சூடும் தேய்ப்பும் முதலில்.

21 ஜனவரி, இரவு 9.20

சின்னவனின் பதினாலாவது மாத்திரை இன்று முடிந்தது. ஸ்பூனில் கரைத்துக் கொடுத்தால் துப்புவான் என்று பயந்தோம், கடைசி வாரம் அவனே ஞாபகப்படுத்தினான்.

வைரஸுக்கு ஏன் நோரோ என்று பெயர் என்று கேட்டவருக்கு: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்று ஒரு ஊர். 1968இல் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் பரவியது. 1972இல் அந்த மாதிரிகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் சந்தோஷம் இருக்காது.

வாந்திக்கு என்று வைத்த நீல வாளியைக் குளோரின் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். கையுறையும் அதற்குள்ளேயே. அதில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று அம்மா தினமும் கேட்கிறார். ஊற்றலாம்மா.